காது வில்லை எண்

கால்நடைக் கடனுக்கு எங்கள் வங்கியில் ஒரே படிவம்தான். பசுவானாலும் எருமையானாலும் ஒட்டகமானாலும் அதே இரண்டு பக்கம். அதில் ‘காது வில்லை எண்’ என்று ஒரு கட்டம் உண்டு. காப்பீட்டுக்காக மாட்டின் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் குத்திவிடுவார்கள். மாடு செத்தால் அந்த எண்ணைக் காட்டித்தான் பணம் வாங்க வேண்டும். ராஜஸ்தானில் இருந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ எருமைகளின் காதைப் பிடித்துச் சாணியைத் துடைத்து அந்த எண்ணைப் படித்திருக்கிறேன். குதிரை வாங்கக் கடன் வேண்டுமென்று ஒருவர் வந்து நின்றபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

பதவி உயர்வு வேண்டுமென்றால் வெளிமாநிலம் போயே ஆக வேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பிய இடம் ஜுன்ஜுனு மாவட்டம், நவல்கட் பக்கம் ஒரு சின்னக் கிளை. விவசாயக் கடன் அதிகாரி. ஷெகாவாட்டி என்று சொல்லும் அந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் ஹவேலி என்கிற பெரிய மாளிகைகள் நிற்கும். சுவர் முழுக்க யானை, ரயில், கிருஷ்ணர் என்று ஓவியம். கட்டிய மார்வாடி வியாபாரிகளின் பிள்ளைகள் கல்கத்தா, பம்பாய் என்று போய்விட்டார்கள்; வீட்டுக்குக் காவல்காரர் மட்டும்தான். அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதிகம்.

அவர்களைக் குதிரையில் ஏற்றி அதிகாலையில் வயல்வெளி சுற்றிக் காட்டுவதுதான் கடன் கேட்டு வந்தவரின் தொழில். அறுபத்தைந்து வயது இருக்கும். ஊரே அவரைக் காகாசா என்றது. சித்தப்பா மாதிரி ஒரு மரியாதைச் சொல். அம்மாவிடம் போனில் அந்தப் பெயரைச் சொன்னபோது, “யாருடி அது காக்கா?” என்றாள்.

நான்கு குதிரைகள் இருந்தன. இன்னும் இரண்டு வாங்க வேண்டும், சேணங்கள் வேண்டும் என்றார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வருமானத்துக்கு என்ன ஆதாரம்? எத்தனை பேர் வருகிறார்கள்? அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் காட்டினார். தேதி, எத்தனை பேர், எந்தக் குதிரைக்கு யார், அவ்வளவுதான். ‘சோட்டி பயந்தாள், மேட்டில் இறங்கி நடந்தார்கள்’ என்பது மாதிரிக் குறிப்புகள் வேறு. இதை வைத்து நான் எப்படிப் பரிந்துரை எழுதுவது?

“தொழிலைப் பார்க்கணும்னா பத்து மணிக்கு வந்து பார்க்க முடியாது, மேடம்ஜி. காலையில் ஆறு மணிக்கு வாங்க” என்றார்.

பிப்ரவரி முதல் வாரம். ஷெகாவாட்டிக் குளிரைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள். பக்கத்துச் சூரூவில் கோடையில் 50 டிகிரி வெயில் அடிக்கும். அதே வட்டாரத்தில் சில ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இரண்டு ஸ்வெட்டர், மங்கி கேப், கையில் கோப்பு என்று போய் நின்றேன். தாழ்வாரத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உடன் வரவேண்டிய மூன்றாவது ஆளுக்கு வயிறு சரியில்லையாம். ஒரு குதிரை சேணத்தோடு காலியாக நின்றது.

“ஏறுங்க” என்றார் காகாசா.

குதிரை என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் அய்யனார் கோயில் குதிரைதான். புதுக்கோட்டைப் பக்கம் காட்டுக்குள் வரிசையாக நிற்குமே, வாயைப் பிளந்துகொண்டு, மழையில் கறை படிந்து. மண்குதிரை. அதை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று வேறு சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உயிருள்ள குதிரையின் பக்கத்தில் நின்றதே அன்றுதான். மூச்சு விடும்போது புகை வந்தது. முதலில் கண்ணில் பட்டது காது. ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரைக்கு இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நிற்கும். குஜராத்தின் கத்தியவாரிக் குதிரை போல ஒன்றிரண்டு இனங்களைத் தவிர வேறு குதிரைக்கு இப்படி இருக்காது. வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எனக்குத் தந்தது வெள்ளைப் பெண்குதிரை. ‘நுக்ரா’ என்பார்கள். முகூர்த்தக் காலத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிறவள். பேண்டு வாத்தியம், பட்டாசு, ஜெனரேட்டர் விளக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் மணிக்கணக்கில் நின்று பழகியவள், அதனால் புதிதாக ஏறுகிறவர்களுக்கு இவள்தான் என்றார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மாப்பிள்ளைக் குதிரையில் முதலில் ஏறியது நான்தான் என்று பிறகு வீட்டில் ரொம்ப நாள் கேலி ஓடியது.

இடப்பக்கமாகத்தான் ஏற வேண்டும். அங்கவடியில் காலை வைத்து எப்படியோ மேலே போய் உட்கார்ந்தேன். அவர் சேணத்தின் வயிற்று வாரை இழுத்துக் கட்டினார். பத்து நிமிடம் நடந்ததும் எல்லாரையும் நிறுத்தி, ஒவ்வொரு குதிரையாக வந்து வாரை மறுபடி இழுத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு துளை கூடுதலாக உள்ளே போனது. ஏன் என்று கேட்டேன். “கட்டும்போது வயிற்றை உப்ப வெச்சுக்குவாங்க. நடந்தா மூச்சை விட்டாகணுமே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரக்கு இருப்பு ஆய்வுக்குப் போகிற நாளில் மட்டும் பக்கத்துக் கடை மூட்டைகளையும் தன் கோடவுனில் அடுக்கி வைத்துக் காட்டுகிற வியாபாரிகளை எனக்குத் தெரியும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஊரைத் தாண்டியதும் மணல் தடம். குளம்புச் சத்தம் அமுங்கிவிட்டது. இருபக்கமும் கடுகு, இடையிடையே கோதுமை, கொண்டைக்கடலை. பனிமூட்டத்தில் கடுகுப் பூவின் மஞ்சள் மட்டும் விளக்கு மாதிரி தெரிந்தது. வயலுக்கு நடுவே கைகால் வெட்டிய மாதிரி மொட்டை மரங்கள். கேஜ்ரி. குளிர்காலத்தில் தழையைக் கழித்து ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போட்டுவிடுவார்கள். நம் ஊர்க் கோயில்களில் நாம் சுற்றி வருகிற வன்னி மரம்தான் அது என்று எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

பாதி தூரத்தில் நான்கு மூலையிலும் தூண் எழுப்பிய பழைய கிணறு ஒன்று. தூரத்தில் வருகிற பயணிக்குத் தண்ணீர் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்று அப்படிக் கட்டினார்களாம். இப்போது உள்ளே புறாக்கள்தான். தண்ணீர் வெகு ஆழத்தில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறும் தெளிப்பு நீரும்தான் விவசாயம். விடிகிற நேரத்தில் ஆண்களும் பெண்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குழாய்களை வரிசை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் வருகிற நேரத்துக்கு அவர்கள் விழிக்க வேண்டும். அந்த மோட்டார்களில் சிலவற்றுக்கு நான்தான் கடன் எழுதியிருந்தேன். கோப்பில் பெயராக இருந்தவர்கள் இங்கே மூக்கு சிவந்து நின்றார்கள். ஒருவர் என்னைக் குதிரை மேல் பார்த்துவிட்டு குழாயைக் கீழே போட்டுக் கும்பிட்டார், வசூலுக்குத்தான் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

காகாசா முன்னால் போனார். திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆனால் பின்னால் அந்தப் பிரெஞ்சு அம்மா லகானை இழுத்துப் பிடித்தால், “தளர்த்துங்க” என்பார். நான் கடிவாளத்தை விட்டுவிட்டுச் சேணத்தைப் பிடித்தால், “கையை இறக்குங்க, அவ போவா” என்பார். முதுகில் கண்ணா இருக்கிறது? கேட்டேன். தன் குதிரையின் தலையைக் காட்டினார். காதுகள் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்று முன்னால், ஒன்று எங்கள் பக்கம். பின்னால் ஒரு குதிரை தடுமாறினாலோ ஆள் பதறினாலோ அந்தக் காது முதலில் திரும்பும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு போகிறார். “வண்டிக்கு இருக்குமே கண்ணாடி, அதுதான் இது.”

ஒரு மணல்மேட்டில் நிறுத்தி சேத்தக் என்ற குதிரையின் கதையைச் சொன்னார். 1576-ல் ஹல்திகாட்டிப் போரில் மேவார் அரசர் ராணா பிரதாப்பைச் சுமந்துகொண்டு, காயம்பட்ட காலோடு ஓடையைத் தாண்டி உயிரை விட்ட குதிரை. ஹல்திகாட்டி உதய்ப்பூர் பக்கம், அங்கிருந்து நெடுந்தூரம். ஆனால் அவர் சொன்ன விதத்தில் பிரெஞ்சுக்காரர் எழுந்து ஓடையைத் தேடினார். தினமும் இதே மேட்டில்தான் இந்தக் கதை என்று கூட வந்த குதிரைக்காரப் பையன் என் காதில் சொன்னான்.

எனக்கு அதைவிட அவர் தாத்தா கதை பிடித்திருந்தது. சொல்ல விருப்பமில்லாமல்தான் சொன்னார். 1950-களில் ஜாகிர் என்கிற நில மானியங்களை ஒழித்தபோது நிலம் போனது. தீனி போட வழியில்லாமல் லாயத்துக் குதிரைகளும் போயின. சிலதை வண்டி இழுக்கிறவர்கள் வாங்கினார்கள். மீதிக் கதையை அவர் முடிக்கவில்லை.

திரும்பும் வழியில்தான் என் விஷயம் நடந்தது. வேலிமுள்ளில் மாட்டிய யூரியா சாக்கு ஒன்று காற்றில் படபடத்தது. அவ்வளவுதான். பட்டாசுக்கு அசையாத என் குதிரை, அந்த வெள்ளைக்காரி, ஒரே துள்ளில் வயலுக்குள் இருந்தாள். என் வலது கால் அங்கவடியை விட்டுவிட்டது. கோப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பிடரிமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்ற பழமொழி அந்த நேரத்தில் முழுசாக ஞாபகம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

நான் எதிர்பார்த்தது கத்தல். “பிடி! இழு! ஏய்!” அலுவலகத்தில் தப்பு நடந்தால் அதுதானே நடக்கும். அவர் குதிரையை நிறுத்தினார், அவ்வளவுதான். திரும்பவில்லை. மெல்லிய குரலில் ஏதோ முனகினார், பாட்டுமில்லை பேச்சுமில்லை. வெள்ளைக்காரியின் காது இரண்டும் சாக்கிலிருந்து கழன்று அவர் பக்கம் போனது. அதை நான் இவ்வளவு கிட்டத்தில், என் மூக்குக்கு ஓர் அடி முன்னால் பார்த்தேன். காது போன பிறகு கழுத்து இறங்கியது. பிறகு கால்கள் நின்றன. அப்புறம்தான் அவர் இறங்கி நடந்து வந்து என் காலை எடுத்து அங்கவடிக்குள் வைத்தார்.

“பேண்டு அவளுக்குத் தெரியும். யூரியா சாக்கு தெரியாது. தப்பு என்மேல, நேத்தே எடுத்திருக்கணும்” என்றார். பையன் கடுகுக்குள் போய் என் கோப்பைத் தேடி எடுத்து வந்தான். மதிப்பீட்டுத் தாளில் பனி ஊறி மை பரவியிருந்தது.

லாயத்துக்கு வந்ததும் குதிரைகளுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை. கொள்ளு கொடுக்க மாட்டீர்களா என்றேன், ஏதோ குதிரைக்காரர் மாதிரி. அங்கே உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தோம். உயரம் கேட்டால் முகத்தின் நீளத்தை விரல்கணக்கில் சொன்னார். ஐந்து வாற்கோதுமை அகலம் ஒரு விரல்; நல்ல குதிரைக்கு முகம் 28 முதல் 40 விரல் இருக்க வேண்டுமாம். அடையாளம் கேட்டால் சுழி. கழுத்தில் நீளமாக இறங்கும் சுழிக்குத் தேவ்மன் என்று பெயர், அதிர்ஷ்டம். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு அந்நியமாகவே இல்லை. எங்கள் தாத்தா சந்தையில் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்ததும் சுழிதான்.

பிறகு காது வில்லைக் கட்டத்துக்கு வந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. “காதில் ஓட்டை போட்டா அது அப்புறம் என்ன குதிரை?” அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

அரசு கால்நடை மருத்துவர்தான் வழி சொன்னார். குதிரைக்கு வில்லை வேண்டாம். வெற்றுக் குதிரைப் படம் அச்சிட்ட தாள் இருக்கிறது, அதில் வெள்ளைக் குறி, சுழி எல்லாம் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். நான் பரிந்துரையை அனுப்பினேன். அக்டோபர் முதல் மார்ச் வரை சுற்றுலா, முகூர்த்த மாதங்களில் கல்யாணம் என்று வருமானக் கணக்கு போட்டு, அந்தப் பள்ளிக்கூட நோட்டை நகல் எடுத்து இணைத்தேன். ‘வாடிக்கையாளர் பாதுகாப்பில் கவனம் உள்ளவர், நேரில் கண்டேன்’ என்று ஒரு வரி எழுதினேன். எப்படிக் கண்டேன் என்று எழுதவில்லை.

மேலிடத்திலிருந்து கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் ஒரே கேள்வி: காது வில்லை எண் நிரப்பப்படவில்லை. மூன்று முறையும் படத்தை இணைத்தேன். எட்டு மாதம் ஆனது. வடநாட்டுக் கார்த்திகை மாதத்தில் நடக்கும் புஷ்கர் கால்நடைச் சந்தைக்குச் சில நாள் முன்னால்தான் பணம் வந்தது, அதுவும் ஒரு குதிரைக்கு மட்டும். கணினியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஆறு பூஜ்யம் அடித்தேன்.

சந்தை முடிந்து பத்து நாள் கழித்து ஆய்வுக்குப் போனேன். கடன்காரரும் சொத்தும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. செம்பழுப்புப் பெண்குதிரை, மூன்று வயது, கழுத்தில் தேவ்மன். காகாசா புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் போனைத் தூக்கியதும் அவள் ஒரு காதை என் பக்கம் திருப்பினாள், ஒன்றைத் தெருவுக்கு. பிறகு இரண்டையும் மாற்றினாள். ஏழெட்டுப் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் அவர் தெளிவாக இருந்தார், குதிரையும் தெளிவாக இருந்தது, காது இரண்டு மட்டும் கலங்கியிருந்தன. அதில் ஒன்றைத்தான் கோப்பில் வைத்தேன்.