கிக் டிரம்மை விட்டுவிட்டு அதன் பின்னால் இருப்பதைக் கேளுங்கள்

சோதனை முயற்சியான ஹவுஸ் (சீரான பீட்டில் ஓடும் மின்னணு நடன இசை), ஆம்பியன்ட் (பீட்டைவிட சூழலுக்கு முக்கியத்துவம் தரும் இசை) ஆல்பம் கேட்கும் முன் செயலியில் கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்ததை அதன்மேல் ஏற்றும் வசதி) ஒலியளவைச் சமன்செய்யும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஒரு டிராக்கின் எதிரொலி அடுத்ததற்குள் வழிவதும், அமைதியான பகுதிக்கும் பீட் விழும் பகுதிக்கும் உள்ள வித்தியாசமும் இசைஞர் திட்டமிட்டு வைத்தவை. போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான சப்-பேஸ் எனும் மிகத் தாழ்ந்த ஒலி அதில் வராது. ஒலியை மிகவும் குறைத்தாலும் காது முதலில் இழப்பது பேஸைத்தான்.

முதல் முறை, 'தும் தும்' என்று தாழ்ந்து அடிக்கும் கிக் டிரம்மை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) என்றால் அரை நொடிக்கு ஓர் அடி; நான்கு அடி ஒரு பார் என்பதால் 16 பார் 32 நொடி. வழக்கமான ஹவுஸில் மாற்றங்கள் 8 அல்லது 16 பாருக்கு ஒருமுறை வரும். இந்த வகை ஆல்பத்தில் அந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

அடுத்த முறை கிக்கை மறந்து, பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சின்த் ஒலியான பேடைக் கவனியுங்கள். ஒவ்வொரு கிக்குக்கும் அது அமுங்கி எழுந்தால் அது சைட்செயின் கம்ப்ரஷன், அதாவது ஓர் ஒலி வரும்போதெல்லாம் இன்னொன்றைத் தானாகத் தாழ்த்தும் உத்தி. எழும் வேகம்தான் பாட்டின் நடையையே தீர்மானிக்கிறது. எனக்கு மெதுவாக எழுவதுதான் பிடிக்கும்.

'ஒரே மாதிரி ஓடுகிறது' என்று தோன்றும் இடத்தில் லூப்களின் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகளின்) நீளத்தை எண்ணுங்கள். 4 அடி லூப்பும் 7 அடி லூப்பும் சேர்ந்து ஓடினால் 28 அடிக்கு ஒருமுறைதான் ஒன்றாகத் தொடங்கும், அதாவது 120 பிபிஎம்மில் 14 நொடி. நடுவில் அவை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உரசுகின்றன.