மேடை நடுக்கத்துக்கு மெய்நிகர் ஒத்திகை

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மேடைகள் களைகட்டும். பேச ஆசை இருந்தும் நா வறண்டு போகிறவர்களுக்கு மெய்நிகர் கண்ணாடி (கணினி உருவாக்கிய காட்சிக்குள் நிற்பதுபோல் காட்டும், தலையில் மாட்டும் விஆர் கருவி) நல்ல பயிற்சிக் களம்.

முதலில் கண்ணாடியைச் சரியாக மாட்டுங்கள். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்கள் பலருக்கு 63 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். லென்ஸ் இடைவெளி அதற்குப் பொருந்தாவிட்டால் காட்சி மங்கும், தலை வலிக்கும். அதைப் பயத்தின் அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 40 தருகிற காட்சியில் தொடங்கலாம்: ஐந்து பேர் கொண்ட சிறிய அறை. அப்புறம் நிறைந்த கூடம். கடைசியில், முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கைப்பேசியைத் தடவுகிற காட்சி. என்னைக் கேட்டால், அந்த ஒருவர்தான் மருந்தே.

பேசுமுன் அஞ்சுவதை எழுதிவையுங்கள்: “குரல் நடுங்கும், பாதியில் நின்றுவிடுவேன்.” முடித்ததும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒப்பிடுங்கள்.

பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். முகங்களைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்த்தே ஒப்பித்துவிடுவார்கள், அல்லது நெஞ்சு படபடக்கும்போதே கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிந்துகொள்ளும். அடுத்த முறை பயம் கூடும். அதே காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அந்த வாரமே வீட்டில் மூன்று பேர் முன்னாலும் பேசுங்கள்.

வேலையோ படிப்போ பாதிக்கும் அளவுக்குப் பயம் இருந்தால் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் சொல்லி, மனநல நிபுணரைப் பார்க்கப் பரிந்துரை கேளுங்கள்.