நடுக்கடலில் துணை வந்தவர்

எங்கள் வீட்டில் யார் தொலைதூரம் புறப்பட்டாலும், வேலூருக்குப் பக்கத்தில் விரிஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் சிவன், வழித்துணைநாதருக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டுத்தான் படி இறங்குவோம். அம்மா பிறந்தது குடியாத்தம். திருமணமாகி அந்தமானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. தென்னாட்டுத் தலங்களைச் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகப் போர்ட் பிளேயரில் கப்பல் ஏறியபோதும் முடிப்பு அவர் இடுப்பில் இருந்தது.

விமானத்தில் வந்தால் சென்னைக்குச் சில மணி நேரம்தான். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். அம்மா கப்பல்தான் என்றார். யாத்திரைக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்கும் பட்டது. தீவுகள் மறைந்த பிறகு சென்னை வரை கண்ணுக்குக் கரை கிடையாது. மாசி மாதம் என்பதால் வங்கக் கடல் அலையடங்கிக் கிடந்தது. விடியற்காலையில் மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். பிடித்தால் உள்ளங்கை பிசுபிசுக்கும். பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி, நீரை ஒட்டியே சிறிது தூரம் போய் விழும். மற்றபடி நீரும் வானமும்தான்.

அந்த வேளையில் அம்மா மெல்லப் படியேறி வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மார்கபந்து ஸ்தோத்திரம் சொல்வார். மார்கபந்து என்றால் வழித்துணை. வேலூர் சின்ன பொம்மு நாயக்கர் ஆதரித்த அப்பைய தீட்சிதர், 16ஆம் நூற்றாண்டில், விரிஞ்சிபுரத்து ஈசனைப் பாடியது அது. பயணம் புறப்படும்போது இதைச் சொல்பவருக்கு நடுவழியில் ஈசன் அபயம் தருவார் என்று கடைசிப் பாட்டு சொல்கிறது. சிறுவயது முதல் வீட்டில் கேட்டு வந்ததுதான். ஆனால் அது யாருக்காகப் பாடியது என்பது நடுக்கடலில்தான் விளங்கியது. சாலையில் போகிறவனுக்கு மைல்கல் உண்டு, வழி கேட்க ஆள் உண்டு. கடலிலோ கப்பல் வந்த தடம்கூடச் சற்று நேரத்தில் அழிந்துவிடுகிறது. எதையும் என் கையில் வைத்திருந்தால்தான் எனக்கு நிம்மதி. அந்தக் காலைகளில் என்னவோ, எல்லாவற்றையும் ஈசன் பொறுப்பில் விட்டுவிட மனம் இசைந்தது.

"கரை இறங்கியதும் முதலில் எங்கே போகலாம் அம்மா?"

"இது என்ன கேள்வி? துணைக்கு வந்தவரை முதலில் பார்க்க வேண்டாமா?"

சென்னையிலிருந்து ரயிலில் காட்பாடி. வேலூரில் தங்கி, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் தரிசித்தோம். நூற்றாண்டுகளாக வழிபாடின்றி இருந்த கோயில். 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் பிரதிஷ்டை செய்தார்கள். கல்யாண மண்டபத் தூண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மறுநாள் காலை பெங்களூர் சாலையில் விரிஞ்சிபுரம். இத்தனை நீரைக் கடந்து வந்த கண்ணுக்குப் பாலாறு முழுவதும் மணலாகக் கிடந்தது வேதனையாக இருந்தது. கோயில் மதிலைக் கண்டதும்தான் அம்மாவின் முகம் தெளிந்தது. திருவாரூர்த் தேரழகைச் சொல்லும் வாய் விரிஞ்சை மதிலழகையும் சேர்த்துச் சொல்வது சும்மா இல்லை.

தந்தையை இழந்த சிவசர்மன் என்ற சிறுவன் பூசை செய்ய வந்தபோது லிங்கத்தின் உச்சி அவனுக்கு எட்டவில்லை. ஈசனே தலை சாய்த்துக் கொடுத்தார் என்கிறது தல வரலாறு. இன்றும் லிங்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கிறது. தீபாராதனையின்போது அதைக் கண்ட அம்மா சத்தமில்லாமல் அழுதார். மிளகு மூட்டைகளோடு காஞ்சிக்குப் போன வணிகர் திருடர்களுக்கு அஞ்சி வேண்ட, ஈசன் வீரன் உருவில் உடன் நடந்து காத்த கதையைக் குருக்கள் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்த கதைதான். முதல் தடவை கேட்பவர்போலக் கைகூப்பிக் கேட்டுவிட்டு, முடிப்பை அவிழ்த்து உண்டியலில் சேர்த்தார்.

உட்பிராகாரத்தின் தென்புறத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாகக் கோடுகளும் எண்களும் செதுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழும் கோடுதான் மணி. கீழே கிடந்த ஈர்க்குச்சியை எடுத்து வைத்துப் பார்த்தேன். நிழல் ஒன்பதைத் தாண்டி நின்றது; கைக்கடிகாரமும் ஏறக்குறைய அதையே காட்டியது. அதைச் செதுக்கிய கைகளை மனதுக்குள் வணங்கினேன்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். வேலூர் வரை வந்தவர்கள் இங்கும் வராமல் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். கார்த்திகைக் கடை ஞாயிறன்று, பிள்ளை வரம் வேண்டிச் சிம்ம தீர்த்தத்தில் நீராட வரும் பெண்களால் ஊரே நிறைந்துவிடும். நாங்கள் போனது போன்ற சாதாரண நாளில் சந்நிதியில் நின்று நிதானமாக வேண்டிக்கொள்ளலாம். அதே சாலையில் மேற்கே சென்றால் பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதர். அவரையும் அன்று மாலையே சேவித்துவிட்டு, மறுநாள் திருவண்ணாமலை பஸ் ஏறினோம்.