டியூப் போடுவதற்கு முன்னால்

நான் புற்றுநோயாளிகளுக்கான ஐசியுவில் நர்ஸ். கேன்சர் பேஷண்டுக்கு எதற்கு ஐசியு என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நோயாளியின் உறவினர்கள் கேட்பார்கள். வேறு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நர்ஸ் தோழிகளும் கேட்பார்கள். நானே முதலில் பொது ஐசியுவில் இருந்தவள்தான். அங்கே ஃபைலில் புற்றுநோய் என்று எழுதியிருந்தாலே படுக்கை கொடுக்கத் தயங்குவார்கள். ஒரு காலத்தில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1980களில் ரத்தப் புற்றுநோயாளி வென்டிலேட்டருக்குப் போனால் பிழைத்துத் திரும்புவது அபூர்வம். இன்று நிலைமை மாறிவிட்டது, கேள்விதான் மாறவில்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பலரைக் கொண்டுவந்து சேர்ப்பது புற்றுநோய் அல்ல, சிகிச்சையின் பின்விளைவு. கீமோ கொடுத்து ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதில் நியூட்ரோஃபில் என்ற வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால், குடலில் எப்போதும் இருக்கும் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். தொற்று வந்ததற்கான அடையாளமும் சரியாகத் தெரியாது. சீழ் என்பது பெரும்பாலும் இறந்துபோன வெள்ளை அணுக்கள்தானே? அணுவே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? நிமோனியா இருக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் சாட்சி. 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால், எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றியாக வேண்டும். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பிபி இறங்கிவிடும்.

சில லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளுக்கு நேர்மாறான ஒரு சிக்கல் வரும். மருந்து நன்றாக வேலை செய்து, புற்றணுக்கள் ஒரே சமயத்தில் கொத்துக்கொத்தாக உடையும். உள்ளே இருந்த பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். யூரிக் அமிலம் ஏறி சிறுநீரகத்தை அடைக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். "கீமோ நல்லா வேலை செய்யுது, அதனாலதான் இப்ப டயாலிசிஸ் தேவைப்படுது" என்று சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? ஆனால் டயாலிசிஸில் இருந்துவிட்டு, சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கி, வார்டுக்குத் திரும்பிய இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குப் படுக்கை இல்லை என்று சொல்வது அநியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வெளியே காத்திருப்பவர்களின் பாடு தனி. கீமோவில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் இறங்கிவிடும், தானமாக வாங்கித்தான் ஏற்ற வேண்டும். எடுத்த பிளேட்லெட் 5 நாளுக்கு மேல் தாங்காது. 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். அதனால் சேர்த்து வைக்க வழியில்லை. திரும்பத் திரும்ப டோனர் தேட வேண்டும். ஊரிலிருந்து வந்த தம்பி, தெரியாத கல்லூரி மாணவர்களிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

சரி, எல்லோரும் அப்படித் திரும்புவதில்லை. நோய் உடம்பெங்கும் பரவி, கொடுக்கக்கூடிய மருந்தெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இப்போது மூச்சு வாங்குகிறது என்று வருகிறவருக்கு வென்டிலேட்டர் எதையும் மீட்டுத் தராது. இந்த இரண்டுக்கும் நடுவே, என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள். பாரிஸில் உள்ள செயின்ட் லூயி மருத்துவமனை மருத்துவர்கள் 2007இல் ஒரு வழியை எழுதினார்கள்: முதல் சில நாட்கள் எந்தக் குறையும் வைக்காமல் முழு சிகிச்சை கொடு, அப்புறம் உட்கார்ந்து மறுபடி முடிவு செய். அவர்கள் பார்த்ததில், யார் பிழைப்பார்கள் என்பது முதல் நாளை விட ஆறாம் நாளில்தான் தெளிவாகத் தெரிந்தது. நாங்களும் இப்படித்தான் செய்ய முயல்கிறோம். முதல் நாளிலேயே குடும்பத்திடம் இதைச் சொல்லிவிட்டால், பின்னால் "காசுக்காக மெஷின்ல வச்சிருக்காங்க" என்ற பேச்சும் குறைகிறது.

ஆனால் நம் ஊரில் இதற்கு முன்பே ஒரு சுவர் நிற்கிறது. "அவருக்கு எதுவும் தெரியாது சிஸ்டர். கட்டின்னு மட்டும்தான் சொல்லி வச்சிருக்கோம்." பிள்ளைகள் பாசத்தால்தான் மறைக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நுரையீரல் புற்றோடு வந்த ஒரு விவசாயி, மூச்சுக்கு உதவும் பைபேப் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "இது அந்த வியாதிதானம்மா?" என்று கேட்டார். மாதக்கணக்காக அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளை மனசு உடைந்துவிடும் என்று அவரும் தெரியாததுபோல் இருந்திருக்கிறார். டாக்டரை அழைத்தேன். டாக்டர் பெரியவரின் மகனையும் மனைவியையும் கட்டிலருகே உட்கார வைத்துப் பேசினார். தொண்டை வழியாக வென்டிலேட்டருக்குப் போடும் டியூப் வேண்டாம் என்று பெரியவர் தெளிவாகச் சொன்னார். அப்புறம் மனைவியிடம், சொசைட்டியில் நகை வைத்த ரசீது எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். அந்த அம்மா அழுதுகொண்டே கேட்டுக்கொண்டார். டியூப் போட்டிருந்தால், மயக்க மருந்தில் இதில் ஒரு சொல்கூட வந்திருக்காது.

கண்ணியமாக இறக்கும் உரிமையையும், உயிரைப் பிடித்துவைக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதையும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் நோட்டரி முன்போ கெசட்டட் அதிகாரி முன்போ கையெழுத்திட்டால் போதும் என்றது. எங்களிடம் வரும் குடும்பங்களில் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற இந்தப் பேச்சு ஐசியு வாசலில், மூச்சுத் திணறலுக்கு நடுவே தொடங்கக் கூடாது. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே, நோயாளி சாப்பிட்டு நடமாடும்போதே தொடங்க வேண்டும். ஓபி கூட்டத்தில் டாக்டருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். வந்து அன்றே வீடு திரும்பும் டே கேர் பிரிவில் கீமோ ஏற்றும் நர்ஸ், நோயாளியின் பக்கத்தில் மணிக்கணக்கில் இருக்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுங்கள், பேச அனுமதியும் கொடுங்கள் என்று எங்கள் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.