புதிய கிராபிக்ஸ் கார்டும் திடீரென அணைந்த கணினியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் திருமணக் காணொளிகளையும் கோயில் திருவிழாக் காணொளிகளையும் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ரைசன் 5 3600 செயலி கொண்ட என் கணினியில் பல காலம் உழைத்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டைப் பொருத்தினேன். அன்றிலிருந்து, டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் காணொளியை ரெண்டர் செய்யத் (தொகுத்ததை இறுதிக் கோப்பாக்கத்) தொடங்கிய சிறிது நேரத்திலேயே கணினி பட்டென்று அணைந்து, தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கியது. கடிதம் தட்டச்சு செய்யும்போதும் இணையத்தில் உலாவும்போதும் ஒரு குறையும் இல்லை. கார்டை விற்ற கடையில் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார்கள். பழுது பார்க்கும் இன்னொருவர், கார்டே கெட்டுப்போனது என்றார். இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. எடுத்து மாற்றிப் பார்க்க உதிரிப் பாகம் கிடைக்காத தோட்டப்புறச் சிறுநகரத்தில், ஒவ்வொரு ஊகத்துக்கும் பணம் செலவழிக்க முடியாது என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் காரணத்தை உறுதிசெய்துகொள்ள முனைந்தேன்.

கணினி எப்படி நிற்கிறது என்பதைக் கவனிப்பதே முதல் வேலை என்பது என் கருத்து. கிராபிக்ஸ் கார்டு தனக்கு இடப்பட்ட பணிக்கு இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸ் மீட்டமைக்க முயல்கிறது. அப்போது திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வரும். நடப்பவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணுடன் ஒரு குறிப்பும் விழும். மீட்க முடியாமற்போனால் விண்டோஸின் பிழை அறிவிப்பான நீலத் திரை தோன்றும். என் கணினியிலோ நீலத் திரையும் வரவில்லை, திரை கறுத்து மீளவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த விசிறிகளின் ஓசை அறுந்து, அடுத்த மூச்சில் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் திரையில் வந்து நின்றது.

நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தது. பலர் இந்த எண்ணைக் கண்டவுடன், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில், கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதியில் நீலத் திரைப் பிழையின் எண்ணைக் காட்டும் பக்செக் கோட் என்ற வரியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். என் கணினியில் அது 0. விண்டோஸ் கோப்புறைக்குள், அத்தகைய பிழைகளின் விவரம் சேமிக்கப்படும் மினிடம்ப் கோப்புறையும் காலியாகவே இருந்தது. பிழையைக் குறித்துவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதால், என் சந்தேகம் மென்பொருளை விட்டு மின்சாரத்தின் பக்கம் திரும்பியது.

தோட்டத்தில் வயர்மேனாக வேலை செய்து ஓய்வுபெற்ற என் அப்பா, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏன்பா, அந்த நேரத்துல லைட்டு மங்குச்சா?"

"இல்லப்பா. மானிட்டர்கூட அணையல."

"அப்ப வெளிய தேடாத. பெட்டிக்குள்ளயே தேடு."

அவர் சொன்னது சரியாக இருந்தது. பிற்பகலில் இடியும் மழையுமாக இருக்கும் ஊர் என்பதால் வீட்டு மின்சாரத்தைச் சந்தேகிப்பது இயல்பே. ஆனால் அதே நீட்டிப்புக் கம்பியில் செருகியிருந்த மானிட்டரும் இணைய மோடமும் இடைவிடாமல் எரிந்துகொண்டிருக்கக் கணினி மட்டும் அணைந்தது.

மற்றவற்றை விரைவாகவே கழித்துவிட முடிந்தது. பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) கணினியைத் தொடங்கி, டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரின் எச்சங்களைத் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவினேன், மாற்றமில்லை. நினைவகத்தை இயல்பைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்தி, மெம்டெஸ்ட்86 சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் காட்டிய கார்டின் வெப்பநிலையும் 70 டிகிரியை ஒட்டியே இருந்தது. இந்தக் கார்டுக்கு என்விடியா குறித்திருக்கும் உச்சமோ 93 டிகிரி.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்ட சோதனைக்கு ஒரு காசும் செலவாகவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கலாம். 170 வாட் எடுக்கக்கூடிய கார்டைச் சுமார் 120 வாட்டுக்குக் கட்டிவைத்து, வழக்கமாகப் பாதியில் நின்றுவிடும் அதே திருமணக் காணொளியை ரெண்டர் செய்தேன். கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் இறுதிவரை ஓடி முடிந்தது. வரம்பை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டியதும் கணினி பழையபடி அணைந்தது. குறைந்த மின்சாரத்தில் பழுதான கார்டும் சில வேளை ஒழுங்காக ஓடும் என்பதால், இது கார்டை முழுமையாக விடுவித்துவிடாது. ஆயினும் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதை இது தெளிவாகக் காட்டிவிட்டது.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் விளக்கு அடித்து, பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருந்தது. அதற்குக் கீழே, பொடி எழுத்துக் கட்டத்தில், 12 வோல்ட் பிரிவுக்கு 25 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 300 வாட். மீதியெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் பிரிவுகளின் கணக்கு. இக்காலக் கணினியில் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. கார்டுக்கு 170 வாட்டும், 65 வாட் என்று விற்கப்பட்டாலும் 88 வாட் வரை இழுக்கக்கூடிய செயலிக்கு அந்த 88 வாட்டும் சேர்ந்தாலே 258 ஆகிவிடும். மதர்போர்டையும் விசிறிகளையும் வட்டுகளையும் கூட்டினால் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல், கிராபிக்ஸ் கார்டுகள் சில மில்லிவிநாடி நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டி எகிறக்கூடியவை. 2022இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, இத்தகைய எகிறல்களைத் தாங்கும் திறனை பவர் சப்ளைகளுக்கு நிர்ணயித்ததும் இதனால்தான். 75 வாட்டில் அடங்கிய பழைய கார்டோடு இந்தப் பவர் சப்ளை சிக்கலின்றி ஓடியதன் காரணமும் எனக்குப் புரிந்தது.

ஈப்போவில் பொலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, விடுமுறைக்கு வந்திருந்தபோது தன் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார். 12 வோல்ட் பிரிவு 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும்; அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

"அண்ணே, அளவு சரியாத்தான் காட்டுது. ஆனா இந்த மீட்டர் ரொம்ப மெதுவு. நடுவுல ஒரு கணம் விழுந்து எந்திரிச்சிருந்தா இதுக்குத் தெரியாது" என்றார்.

மின்னழுத்தம் அப்படி ஒரு கணம் சரிந்து, பவர் சப்ளை மதர்போர்டுக்கு அனுப்பும் பவர் குட் சமிக்ஞை அறுந்தால், மதர்போர்டு உடனே மறுதொடக்கம் செய்துவிடும். எனக்கு நேர்ந்ததும் அத்தகையதே.

அவர் தன் வீட்டுக் கணினியின் 650 வாட் பவர் சப்ளையை மறுக்காமல் இரவலாகக் கொடுத்தார். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கம்பிகளை அப்படியே விட்டுவிட்டுப் பவர் சப்ளையை மட்டும் மாற்றவே கூடாது. பவர் சப்ளை பக்கத்து முனையில் ஊசிகளின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. முனை பொருந்தினாலும் மின்சாரம் தவறான ஊசிக்குப் போய் வட்டுகளையும் மதர்போர்டையும் எரித்துவிடலாம். அவருடைய கம்பிகளையே கேட்டு வாங்கிப் பொருத்தி, வரம்பில்லாமல் கார்டை ஓடவிட்டேன். ரெண்டர் நிற்காமல் ஓடி முடிந்தது. கார்டில் பழுது இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.

பிறகு ஈப்போவுக்குப் போய், 12 வோல்ட் பிரிவுக்கு 54 ஆம்பியர் என்று லேபிளில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்த 650 வாட் பவர் சப்ளை ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் 80 பிளஸ் கோல்டு முத்திரையைத்தான் முதலில் காட்டினார். அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதற்கான சான்று, கணநேரச் சுமையைத் தாங்கும் என்பதற்கான சான்று அன்று. ஆகவே 12 வோல்ட் கட்டத்தையும் உத்தரவாதக் காலத்தையும் பார்த்தே தேர்ந்தெடுத்தேன்.

அதன்பின் கணினி தானாக அணையவில்லை. ஒரு முறை மட்டும், ரிசால்வில் நிறத் திருத்தம் செய்துகொண்டிருந்தபோது திரை கறுத்துத் திரும்பி வந்தது. பதிவேட்டைப் பார்த்தேன், இம்முறை 41 இல்லை, 4101. இது டிரைவரின் பக்கம் என்பதால் பவர் சப்ளையைத் தொடவில்லை. விளையாட்டுகளுக்கான கேம் ரெடி டிரைவரை நீக்கிவிட்டு, இத்தகைய தொகுப்பு வேலைகளுக்கென என்விடியா வெளியிடும் ஸ்டுடியோ டிரைவரை நிறுவியிருக்கிறேன். இதுவரை அந்தப் பதிவு மீண்டும் வரவில்லை.