கிராம சபைக்குப் போன எட்டாம் வகுப்பு

அக்டோபர் 2 அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேரைக் கிராம சபைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 'கிராம சபை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு எல்லோருமே சரியாக எழுதுவார்கள். நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வரவு செலவு வாசிக்கும்போது நெளிந்துகொண்டிருந்தார்கள். குடிநீர்க் குழாய் பற்றிப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளை என் காதருகில் வந்து, "டீச்சர், எங்க தெரு லைட்டு எரியலைன்னு நான் சொல்லலாமா?" என்று கேட்டாள். வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. நேராகப் போய்த் தன் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். இதுவரை சபையில் வாய் திறக்காத அந்த அம்மா எழுந்து நின்று கேட்டார். தீர்மானத்தில் ஏறியது.

"படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். இதுவும் படிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 18 வயதில் திடீரென்று ஒருநாள் யாரும் குடிமகனாகிவிட முடியாது. அப்புறம், மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒன்று: 17 வயது முடிந்த மாணவர்கள், வாக்காளர் பட்டியலில் பேர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். தயவுசெய்து வகுப்பில் சொல்லுங்கள்.

அடுத்த சபை நவம்பர் 1. 'லைட்டு என்ன ஆச்சு?' என்று அந்தப் பிள்ளை இப்போதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.