மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

"கோட்டைத் தாண்டி வராதீர்கள்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் ஜூலை மாதம். வெளியே 44 டிகிரி. பட்டறைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு அப்பால் பானெட் திறந்தபடி, ஏசி குளிராத என் கார். அரை மணி நேரம் கழித்து ஒரு தாளை நீட்டினார்கள்: கம்ப்ரஸரை மாற்ற வேண்டும், 1,650 டாலர். ஏசி கேஸ் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டேன். "மாற்றினால் சரியாகிவிடும்" என்றார்கள். தொகை சுட்டது உண்மைதான். ஆனால் வீடு வரும் வரை மனத்தில் நின்றது அந்தக் கோடு.

வேலூரில் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுத் திரும்பியதாக எனக்கு நினைவே இல்லை. அப்பாவின் மாருதி 800 படுத்தால் நாங்களும் கூடவே நிற்போம். "தம்பி, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர்" என்று மெக்கானிக் பாய் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டுவார். எடுத்துக் கொடுத்துவிட்டால் பாதிப் பழுது நம்முடையதாகிவிடும். கழற்றிய பாகத்தைத் துணியால் துடைத்து, தேய்ந்த இடத்தை விரலால் தடவிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார். நடுவில் டீ வரும்.

நானே பார்த்துவிடுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பிரஷர் கேஜைக் கொடுத்து, டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தானே வந்துவிட்டார். ஏசியைப் போட்டதும் சில விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்று கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் பிடித்தது, உடனே விட்டது. செத்த கம்ப்ரஸர் இப்படிப் பிடிக்காது. கேஸ் குறைந்தால்தான் அழுத்தம் போதாமல் சுவிட்ச் அதை நிறுத்திவிடும்.

இங்கே கடையிலேயே ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் சிறு டின்களில் கிடைக்கிறது. பலரும் கோடைக்கு ஒரு டின் ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது எனக்குத் துளியும் ஒப்பவில்லை. பெட்ரோலைப் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பம் சேரும். அதைத் தெரிந்தே திறந்துவிடுவது இந்நாட்டில் சட்டப்படி குற்றம்.

இணைப்புகள்தோறும் சோப்பு நீரைப் பூசிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அப்போதுதான் பாய் நினைவுக்கு வந்தார். ஸ்கூட்டர் டயருக்குக் காற்றடித்து முடித்ததும் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்ப்பார். கேஸ் ஏற்றும் வாயிலும் அதே மாதிரி வால்வுதான். அதன் பிளாஸ்டிக் மூடியைக் காணோம். ஒரு சொட்டு சோப்பு நீரை விட்டோம். கடுகளவு குமிழி எழுந்தது, மிளகளவு ஆனது, உடைந்தது, மறுபடி எழுந்தது. பெரியவர் டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அழுத்தம் வெளியேறாமல் வால்வை மாற்றும் கருவியை இரவல் வாங்கினேன். வால்வும் மூடியும் 12 டாலர். உள்ளே அழுத்தம் மிச்சமிருந்ததால் காற்றும் ஈரமும் புகுந்திருக்கவில்லை. கண்ணாடி, கையுறை மாட்டிக்கொண்டு, டின்னை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தம் குறைந்த பருமனான குழாயில் மட்டும் கேஸை மெல்ல ஏற்றினேன். அழுத்தம் மிகுந்த பக்கம் மாட்டினால் டின்னே வெடிக்கலாம். அரை மணியில் 9 டிகிரிக் காற்று முகத்தில் அடித்தது.

நான் வந்த 2023 கோடையில் இவ்வூரில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டிய வெயில். அதையே பார்த்தாகிவிட்டது, இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் குளிர்காற்றில் கண்ணை மூடியதும் வந்தது, கத்திரி வெயிலில் எங்கள் கூடத்து ஜன்னலில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டியின் வாசனை. பாட்டி சொம்பிலிருந்து தண்ணீர் தெளிக்கிறாள். ஈரக்காற்று பாயில் படுத்திருக்கும் எங்கள் மேல் படுகிறது.

பெரியவருக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். வருகிற சனிக்கிழமை அவருடைய பிக்அப் வண்டிக்கு பிரேக் மாற்றுகிறோம். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது நான்.